மெக்கானிசம் வரைய எது தோது: பேனாவா, கெம்ட்ராவா, கெம்ஃபிக்கா?

மெக்கானிசம் என்றால் ஒரு வேதிவினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று காட்டுகிற வரைபடம். எலக்ட்ரான் இணை எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் வளைந்த அம்பை 1922-இல் வேதியியலாளர்கள் கெர்மாக்கும் ராபின்சனும் கொண்டுவந்ததிலிருந்து கரிம வேதியியல் மெக்கானிசத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. அம்பு எலக்ட்ரான் இருக்கிற இடத்தில் கிளம்ப வேண்டும். அதனால் எந்தக் கருவியை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, அம்பின் வாலைச் சரியான இடத்தில் வைக்க அது எவ்வளவு உதவுகிறது என்பதைத்தான்.

படிக்கிற காலத்தில் பேனாவை மிஞ்ச எதுவும் இல்லை. புரோமோமீத்தேனை ஹைட்ராக்சைடு தாக்குகிற எஸ்என்2 வினையையே (ஒன்று உள்ளே வர, அதே படியில் இன்னொன்று வெளியேறும் பதிலீட்டு வினை) எடுத்துக்கொள்ளுங்கள்: ஆக்சிஜனின் பிணைப்பில் சேராத தனித்த இணை எலக்ட்ரானிலிருந்து கார்பனுக்கு ஓர் அம்பு, கார்பன்-புரோமின் பிணைப்பின் நடுவிலிருந்து புரோமினுக்கு இன்னொன்று. இரண்டாவதை விட்டுவிட்டு அடுத்த படியை எழுதப் போனால் நான்குக்கு மேல் தாங்காத கார்பனுக்கு ஐந்து பிணைப்பு வந்து நிற்கும், கை அங்கேயே நின்றுவிடும். இந்தப் பழக்கம் வராமல் கணினிக்குப் போகாதீர்கள்.

கெம்ட்ரா என்ற மூலக்கூறு வரையும் மென்பொருள் 1985-இல் மேக் கணினிக்காக வந்தது, இன்றும் ஆய்விதழ்களுக்கு அதுதான் வழக்கம். ஏசிஎஸ் (அமெரிக்க வேதியியல் சங்கம்) இதழ்களுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பிணைப்பு நீளம் 14.4 பாயிண்ட் என்று தானாக அமைந்துவிடும், அணுவின் மேல் சுட்டியை வைத்து எழுத்தைத் தட்டினால் தனிமம் மாறிவிடும், வேகத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் ஐந்து பிணைப்புள்ள கார்பனைச் சிவப்பில் காட்டிக்கொடுக்கிற அதே மென்பொருள், எலக்ட்ரானே இல்லாத புரோட்டானிலிருந்து நீங்கள் அம்பை இழுத்தால் ஒன்றும் சொல்லாது. காசும் கட்ட வேண்டும், கல்லூரி உரிமம் இருந்தால் கவலையில்லை.

கெம்ஸ்கெட்ச் என்ற இன்னொரு வரைபட மென்பொருள் படிப்புக்கு இலவசம். சரி, வரையலாம், ஆனால் மூலக்கூறுக்கு ஒரு மோட், வளைந்த அம்புக்கு இன்னொரு மோட் என்று தாவிக்கொண்டே இருப்பது எரிச்சல்.

கட்டளைகளைத் தட்டி ஆவணம் உருவாக்கும் லேடெக்கில் எழுதுபவர்களுக்கு, அதில் மூலக்கூறு வரைய கெம்ஃபிக் என்ற தொகுப்பு இருக்கிறது, அதுவும் இலவசம்தான். அணுவுக்கோ பிணைப்பின் நடுப்புள்ளிக்கோ ஒரு பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயரிலிருந்து இந்தப் பெயருக்கு அம்பு என்று எழுதுகிறோம், அதனால் மூலக்கூறு பக்கத்தில் எங்கே நகர்ந்தாலும் அம்பும் கூடவே போகும், வாலை வைக்கும் துல்லியத்தில் எனக்கு இதுதான் முதலிடம். வளைவைக் கோணமும் மில்லிமீட்டரும் கொடுத்துத் திருத்த நேரம் பிடிக்கும், அம்பு சரியான இடத்தில் விழ இரண்டு முறை கம்பைல் செய்ய (எழுதிய கட்டளைகளை ஓட்டிப் பக்கமாக்க) வேண்டும். ஆய்வேட்டில் முப்பது நாற்பது மெக்கானிசம் இருந்தால் அந்த உழைப்பு வீண் போகாது. நாளைக் காலை செமினாருக்கு ஒரே ஒரு ஸ்லைடு என்றால் கெம்ட்ராவையே திறங்கள்.