மைல்களில் சென்னைக்கு டிக்கெட்: கூட்டல் குறிக்குப் பிறகு வரும் தொகை

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு எல்லோரும் சென்னையில் கூடுவது என்று முடிவானது. நான் லண்டனிலிருந்து, அக்கா டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலிருந்து, தம்பி சிங்கப்பூரிலிருந்து, சித்தப்பா மகன் நியூ ஜெர்சியிலிருந்து. நால்வரிடமும் கிரெடிட் கார்டிலும் பழைய பயணங்களிலும் சேர்ந்த மைல்கள் இருந்தன. ஆளுக்கொரு ஸ்கிரீன்ஷாட் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. எல்லாவற்றிலும் மைல்களுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, அதற்குப் பிறகு ஒரு தொகை. அந்தத் தொகைகளுக்குள்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

“மைல்ல எடுத்தா டிக்கெட் ஃப்ரீன்னுதானே சொன்னே? இது என்ன?” என்று அக்கா கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வருஷக்கணக்காகச் சேர்த்த மைல்களைத் தப்பான இடத்தில் கொட்டிவிட்டு வருந்துகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மைல்கள் டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணத்தை மட்டும்தான் அடைக்கும். மீதியைப் பணமாகக் கட்ட வேண்டும். அந்த மீதியில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, அரசும் விமான நிலையமும் வாங்கும் வரி, பாதுகாப்புக் கட்டணம் வகையறா. விமான நிறுவனம் இதை வசூலித்து அப்படியே கட்டிவிடுகிறது. இரண்டாவது, நிறுவனமே விதித்துத் தானே வைத்துக்கொள்ளும் கூடுதல் கட்டணம். டிக்கெட் விவரத்தில் ஒய்.க்யூ அல்லது ஒய்.ஆர் என்ற எழுத்துகளோடு இருக்கும். வரிகளுக்கு நடுவே நிற்பதால் இதையும் வரி என்றே நினைத்துவிடுகிறோம். இது வரி இல்லை, டிக்கெட் விலையின் ஒரு துண்டு. மைல்கள் அந்தத் துண்டைத் தொடாதபடி தனியாக வெட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது வந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். 2000களில் எண்ணெய் விலை ஏறியபோது ‘எரிபொருள் கூடுதல் கட்டணம்’ என்ற பெயரில் வந்தது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலர் வரை போனது, சரி, காரணம் இருந்தது. 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்கும் கீழே இறங்கியபோதும் பல நிறுவனங்கள் கட்டணத்தை எடுக்கவில்லை. அதற்குள் பெயர்தான் மாறியிருந்தது. எரிபொருள் என்று பெயர் வைத்தால் அது உண்மையான எரிபொருள் செலவை ஒட்டி இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2012இல் சொன்னது. அதன் பிறகு ‘நிறுவனம் விதிக்கும் கட்டணம்’ என்று பொதுவாக எழுத ஆரம்பித்தார்கள். அதே 2012இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மைல் திட்ட உறுப்பினர்கள் சிலர் நியூயார்க்கில் இதை எதிர்த்து வழக்கே போட்டார்கள். 2018இல் அது சமரசத்தில் முடிந்தது. உறுப்பினர்கள் பணமாகவோ ஏவியோஸாகவோ (பிரிட்டிஷ் ஏர்வேஸ் திட்டத்தில் மைல்களுக்கு அதுதான் பெயர்) இழப்பீடு பெற்றுக்கொள்ள வழி கிடைத்தது.

எல்லா நாட்டிலும் நிறுவனங்களின் இஷ்டப்படி நடப்பதில்லை. ஜப்பானிய நிறுவனங்கள் சிங்கப்பூர் சந்தையில் விமான எரிபொருளான மண்ணெண்ணெயின் விலையைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொகையை மாற்றி அறிவிக்கின்றன. ஹாங்காங் 2016 பிப்ரவரியில் இதைத் தடையே செய்தது, 2018 நவம்பரில்தான் திரும்ப அனுமதித்தது.

இனி எங்கள் நான்கு ஊர்களுக்கு வருகிறேன். லண்டனைத்தான் அதிகம் பேச வேண்டும், சிக்கல் அங்கேதான்.

பிரிட்டனிலிருந்து கிளம்பும் எவருக்கும் விமானப் பயணி வரி உண்டு. ஏ.பி.டி. என்பார்கள். 1994 நவம்பரில் வந்தது. லண்டனிலிருந்து சேரும் நாட்டின் தலைநகர் எவ்வளவு தூரம் என்பதைப் பார்த்து இதைக் கணக்கிடுகிறார்கள். சென்னைக்குப் போனாலும் டெல்லிக் கணக்குதான். இந்தியாவும் இலங்கையும் 2,001 முதல் 5,500 மைல் வரையுள்ள நடுப்பிரிவில் வருகின்றன, சிங்கப்பூரும் மலேசியாவும் அதற்கு மேல். 2026 ஏப்ரல் முதல் நடுப்பிரிவுக்கு எகானமியில் 102 பவுண்டு, அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 244 பவுண்டு. கவனிக்க வேண்டியது, பிரீமியம் எகானமியும் அந்த 244இல்தான் சேரும். கொஞ்சம் கால் நீட்ட இடம் வேண்டும் என்று ஏவியோஸ் கொடுத்து ஒரு படி ஏறினால் வரி மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு எகானமியில் இந்த வரி கிடையாது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் ஏ.பி.டி. பணம் கொடுத்து வாங்கும் டிக்கெட்டிலும் உண்டு. ஒரே ஊரிலிருந்து கிளம்பும் இரண்டு வழிகளை ஒப்பிடும்போது அது இரண்டு பக்கமும் சமமாக நின்று அடிபட்டுப் போகும். வித்தியாசத்தை உண்டாக்குவது நிறுவனம் விதிக்கும் கட்டணம்தான். அதனால்தான் முதலில் அந்த இரண்டையும் பிரித்துச் சொன்னேன்.

ஹீத்ரோவிலிருந்து சென்னைக்கு நேராகப் பறக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஏவியோஸ் கொடுத்து எடுத்தால் அந்தக் கட்டணம் உண்டு. முன்பு தொலைதூர விமானங்களில் இது பயமுறுத்தும் அளவில் இருந்தது. 2022 டிசம்பரில் தொலைதூர எகானமிக்கும் ‘ரிவார்டு ஃப்ளைட் சேவர்’ என்ற நிலையான தொகை முறை வந்தது, அடுத்த ஆண்டு மேல் வகுப்புகளுக்கும் விரிந்தது. வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அதோடு, அதிக ஏவியோஸ் கொடுத்துக் குறைந்த பணம், குறைந்த ஏவியோஸ் கொடுத்து அதிகப் பணம் என்று பல வரிசைகளைக் காட்டி நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பழசுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த வரிசைகளைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு வரிசைகளை எடுங்கள். 10,000 ஏவியோஸ் கூடுதலாகக் கொடுத்தால் 80 பவுண்டு மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏவியோஸுக்கு 0.8 பென்னி கிடைக்கிறது. உங்கள் ஏவியோஸை வேறெங்காவது 1 பென்னிக்கு மேல் செலவழிக்க முடியுமானால், அந்த வரிசை வேண்டாம்.

டப்ளினிலிருந்து கிளம்பி லண்டனில் விமானம் மாறினால் ஏ.பி.டி. இல்லை என்று நண்பர்கள் சொல்வதும் உண்மைதான். ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறுகிறவர்களுக்கு அந்த வரி வராது, அயர்லாந்தும் தன் பயண வரியை 2014 ஏப்ரலில் நீக்கிவிட்டது. என் கருத்து, எகானமிக்கு இந்த அலைச்சல் வேண்டாம். டப்ளின் போய்ச் சேரும் செலவிலேயே 102 பவுண்டில் பெரும் பங்கு கரைந்துவிடும். பிசினஸ் கிளாஸில் இரண்டு பேர் என்றால் 488 பவுண்டு, அது யோசிக்க வேண்டிய தொகை.

தம்பியின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017 மார்ச் 23 முதல் தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுகளில் எரிபொருள் கட்டணத்தை எடுத்துவிட்டது. பதிலுக்கு, இணையத்தில் மைல் டிக்கெட் எடுத்தால் கிடைத்துவந்த 15 சதவீதத் தள்ளுபடியையும் நிறுத்தியது. எனக்கு இது நேர்மையான பேரமாகவே படுகிறது. மைல் கொஞ்சம் கூடினாலும் கணக்கு நேராக இருக்கிறது. சாங்கியிலிருந்து கிளம்ப 65.20 சிங்கப்பூர் டாலர் விமான நிலையக் கட்டணம், பெரும்பாலும் அவ்வளவுதான். ஒன்றை மட்டும் தம்பியிடம் சொல்லி வைத்தேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அதே மைல்களை (கிரிஸ்ஃப்ளையர் என்பது அந்தத் திட்டத்தின் பெயர்) கொடுத்து, அவற்றை ஏற்கும் லுஃப்தான்சா போன்ற கூட்டாளி நிறுவனங்களின் விமானங்களில் எடுத்தால், அந்த நிறுவனங்களின் கூடுதல் கட்டணம் உங்கள் தலையில்தான் வரும்.

அக்காவுக்கு நான் மனதாரப் பரிந்துரைத்தது ஏர் கனடாவின் ஏரோபிளான். ஒரு காலத்தில் கூடுதல் கட்டணத்துக்குப் பேர்போன திட்டம் அது. 2020 நவம்பர் 8இல் புதிய வடிவம் வந்தபோது எல்லா மைல் டிக்கெட்டுகளிலும் அந்தக் கட்டணத்தை நீக்கினார்கள், கூட்டாளி விமானங்களிலும் சேர்த்து. கூட்டாளி விமானத்தில் முன்பதிவு செய்தால் 39 கனடிய டாலர் சேவைக் கட்டணம், பிறகு வரிகள். டொராண்டோவிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக லுஃப்தான்சாவில் வரலாம். அதே விமானத்தில், அதே இருக்கையை, லுஃப்தான்சாவின் சொந்த மைல்ஸ் அண்ட் மோர் திட்டத்தில் எடுத்தால் கூடுதல் கட்டணம் முழுசாக வரும். ஏரோபிளானில் எடுத்தால் 39 டாலர். எந்த விமானம் என்பதைவிட, யாருடைய மைல்கள் என்பதுதான் பணத்தை முடிவு செய்கிறது. இந்த ஒன்று புரிந்த பிறகு அக்கா என்னைவிட வேகமாகத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

வரி விஷயத்தில் அமெரிக்காதான் எல்லோரிலும் மலிவு. சித்தப்பா மகன் ஏறும் நியூவர்க் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் ஒருவழி மைல் டிக்கெட்டில் அமெரிக்கப் பக்கம் வருவது 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணம்தான். 2014 ஜூலையிலிருந்து அதே தொகை. விமான நிலைய வசதிக் கட்டணத்திலிருந்து மைல் பயணிகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. யுனைடெட் தன் மைல்களுக்குக் கூடுதல் கட்டணமே வாங்குவதில்லை, கூட்டாளி விமானங்களிலும்கூட. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல்களில் தோஹா வழியாகக் கத்தார் ஏர்வேஸில் சென்னைக்கு வந்தாலும் அந்தக் கட்டணம் இல்லை. அதே அமெரிக்கன் மைல்களைக் கொடுத்து பிரிட்டிஷ் ஏர்வேஸிலோ ஐபீரியாவிலோ ஏறினால் உண்டு. திரையில் இரண்டும் அடுத்தடுத்து வரும்போது, மைல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் பணத் தொகையைப் பார்க்காமல் அழுத்திவிடாதீர்கள்.

திரும்பும் பயணத்துக்கு இந்தியக் கணக்கு. சர்வதேசப் பயணிக்கு 12 டாலர் பாதுகாப்புக் கட்டணம், விமான நிலையப் பயனாளர் கட்டணம் தனி. டிக்கெட்டில் நிறுவனத்தின் கூடுதல் கட்டணம் இருந்தால் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் ஏறும். எகானமிக்கு 5 சதவீதம், மேல் வகுப்புகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். ஆனால் இந்தியாவிலிருந்து கிளம்பும்போது ஏ.பி.டி. மாதிரி ஒரு பெரிய வரி கிடையாது. ஆனாலும் லண்டன்காரர்கள் கையில் ஒருவழிக்கு மட்டும் ஏவியோஸ் இருந்தால், போகும் வழியைப் பணமாக வாங்கினாலும் ஏ.பி.டி. வரத்தான் செய்யும் என்பதால், இரண்டு வழிக்கும் சேர்த்துக் கட்டும் பணத்தைப் பார்த்தே எந்த வழியில் செலவழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்த நாங்கள் பயன்படுத்திய கணக்கு எளிது. பணம் கொடுத்து வாங்கினால் ஆகும் விலையிலிருந்து, மைல் டிக்கெட்டில் கட்டும் பணத்தைக் கழியுங்கள். மிச்சத்தை மைல்களால் வகுங்கள். உதாரணத்துக்கு, டிக்கெட் விலை 60,000 ரூபாய். முதல் வழியில் 40,000 மைல், கூடவே 25,000 ரூபாய். இரண்டாவது வழியில் 50,000 மைல், கூடவே 4,000 ரூபாய். முதலாவதில் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 88 பைசா கிடைக்கிறது, இரண்டாவதில் 1.12 ரூபாய். மைல் குறைவு என்பதால் முதல் வழி மலிவாகத் தெரியும். உண்மையில் அங்கே உங்கள் மைல்கள் வீணாகின்றன. இரண்டுமே 60 பைசாவைத் தாண்டவில்லை என்றால், நான் பணம் கொடுத்தே டிக்கெட் வாங்கிவிடுவேன். அதில் புது மைல்களாவது சேரும்.

கேன்சல் செய்ய நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். வயதான பெற்றோர் இருக்கும் வீடுகளில் தேதி மாறுவது சகஜம். யுனைடெட்டில் கிளம்பும் முன் ரத்து செய்தால் மைல்கள் கட்டணமில்லாமல் திரும்பிவிடும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஆளுக்கு 35 பவுண்டு. சில வருடங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் நான் ஒரு டிக்கெட்டை ரத்து செய்தபோது மைல்கள் மட்டும் திரும்பின. கட்டிய வரிப் பணத்தை வாங்க மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. பயணம் செய்யாதவரின் வரியும் விமான நிலையக் கட்டணமும் அவருக்கே திரும்ப வேண்டியவை. டிக்கெட் திருப்பித் தர முடியாத வகை என்றாலும் இவற்றைத் தர வேண்டும் என்பது இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் எங்கள் கணக்கைப் புரட்டிப் போட்டது சித்தப்பா மகனின் எட்டு மாதக் குழந்தை. யுனைடெட்டில் அவனுக்கும் மனைவிக்கும் 5.60 டாலர்தான். மடியில் வைத்துக்கொண்டு போகும் குழந்தைக்கோ பெரியவர் டிக்கெட்டின் பண விலையில் 10 சதவீதம். பிசினஸ் கிளாஸ் விலையில் 10 சதவீதம் என்றால், அவர்கள் இருவரும் கட்டும் வரியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் அதுவே ஏவியோஸில் 10 சதவீதமும் வரியும். ஏரோபிளானில் ஒரு வழிக்கு 25 கனடிய டாலர், அல்லது 2,500 புள்ளிகள். அவனுடைய மைல்கள் இன்னும் சேஸ் வங்கிக் கணக்கில் புள்ளிகளாகவே இருந்தன, யுனைடெட்டுக்கும் மாற்றலாம், ஏரோபிளானுக்கும் மாற்றலாம். அன்று ராத்திரியே ஏரோபிளானுக்கு மாற்றினான். இப்போது அவர்கள் மூவரும் அக்காவும் ஃபிராங்க்ஃபர்ட்டில் சந்தித்து ஒரே விமானத்தில் சென்னை வருகிறார்கள்.