விசை டைமர்: ஒரு செமஸ்டர் முழுவதும் பயன்படுத்திய பின்

கடைசி செமஸ்டரில் ஆய்வறிக்கையும் ஐந்து தாள்களும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தபோது, கைபேசியில் இருந்த படிப்புச் செயலிகளை எல்லாம் நீக்கிவிட்டு, சமையலறையில் பயன்படுத்தும் விசை டைமர் ஒன்றை வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டையான பொருள் அது. மேல்பாதியைத் திருகினால் 60 நிமிடம் வரை வைக்கலாம், பேட்டரி தேவையில்லை. நான்கு மாதம் அன்றாடம் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

வாங்கத் தூண்டியது பொமடோரோ முறை. 1980களின் பிற்பகுதியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த இத்தாலியர் பிரான்செஸ்கோ சிரில்லோ, படிப்பில் மனம் நிற்காமல் தவித்த காலத்தில், தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துக்கொண்டு உருவாக்கியது அது. பொமடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. 25 நிமிடப் படிப்பு, 5 நிமிட ஓய்வு, நான்கு சுற்றுக்கு ஒருமுறை 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு என்பது கணக்கு. பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் அந்த 25 நிமிடங்களைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ அந்த 5 நிமிடங்களுக்காகத்தான் இந்தக் கருவி தேவைப்பட்டது.

உட்கார்ந்து படிப்பதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை, எழுந்திருப்பதில்தான் இருந்தது. இரவு பதினொரு மணிக்கு ஒரே பத்தியை மூன்றாவது முறையாக அடிக்கோடிட்டுக்கொண்டிருப்பேன், ஒரு வரியும் மனத்தில் நின்றிருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டுக்கு (ஓயாத மன அழுத்தத்தால் வரும் முழுச் சோர்வுக்கு) அளித்த வரையறை பணியிடத்தைக் குறித்ததுதான் என்றாலும், அது சொல்லும் மூன்று கூறுகளான ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் வேலையின் மீது விலகலும் கசப்பும், செயல்திறன் குறைதல் ஆகியவற்றை மாணவர்களும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். என்னிடம் முதலில் தலைகாட்டியது கசப்பு: மிகவும் பிடித்த பாடத்தின் நோட்டைத் திறந்தாலே எரிச்சல் வந்தது.

மணி அடித்தவுடன், வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிட வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டேன். எழுவதற்கு முன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பக்க ஓரத்தில் பென்சிலால் நான்கு சொற்களில் குறித்துவிடுவேன். திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்காது. கைபேசியைத் தொடாமல் சன்னலருகே நின்றுவிட்டு வரும் அந்தச் சில நிமிடங்கள், மூன்றாவது வாரத்திற்குள் மாலை நேரத் தலைவலியைக் கணிசமாகக் குறைத்தன.

குறைகளும் உண்டு. ஓடும்போது எழும் டிக் டிக் ஓசையால் நூலகத்திற்கு எடுத்துச் செல்லவே முடியாது. மணியோசையைக் குறைக்கவும் வழியில்லை. குறைந்த நேரத்திற்கு வைக்கும்போது நேராக 5இல் நிறுத்தினால் சில சமயம் மணியே அடிக்காது. முதலில் நன்றாக முறுக்கிவிட்டுப் பிறகு பின்னோக்கித் திருப்ப வேண்டும் என்று உடன் வந்த துண்டுத்தாளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதனால் முதல் வாரத்தில் ஐந்து நிமிட ஓய்வு ஒன்று முக்கால் மணி நேரத்திற்கு நீண்டது (அன்று எனக்கு வருத்தம் ஏதும் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்).

25 நிமிடம் எல்லாப் பாடத்திற்கும் பொருந்தாது. வரையறைகளை மனப்பாடம் செய்ய அது போதும்; நீளமான கணிதத் தருவிப்பு சூடுபிடிக்கும் நேரத்தில் மணி அடித்தால் கோபம்தான் வரும். அவற்றுக்கு 50 நிமிடப் படிப்பும் 10 நிமிட ஓய்வுமாக மாற்றிக்கொண்டேன்.

பாடச்சுமையே அளவுக்கு மீறியிருந்தால் எந்த டைமராலும் பயனில்லை. நான் விருப்பப்பாடம் ஒன்றைக் கைவிட்டதும், ஆய்வறிக்கையின் ஓர் அத்தியாயத்திற்கு வழிகாட்டியிடம் கூடுதல் அவகாசம் கேட்டுப் பெற்றதும்தான் பெரிய நிம்மதியைத் தந்தன. அன்றைய படிப்பு முடிந்தது என்று சொல்லும் மணியும் இதில் கிடையாது. ஆகவே பதினொரு மணிக்கு அதை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டுத் தூங்கச் செல்கிறேன். இப்போது அதன் ஓட்டம் சற்றுப் பிசகி, 50க்கு வைத்தால் 47லேயே அடிக்கிறது. தேர்வுகள் முடியும்வரை வேறொன்று வாங்குவதாக இல்லை.