வெள்ளத்தில் கிடந்த வண்டியை என் தலையில் கட்டினார்கள்

நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் பழைய பைக் வாங்கப் போகிறவர்கள், அதிலும் மண்ரோட்டில் ஓட்ட வண்டி தேடுகிறவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு ரொக்கமாக 68,000 ரூபாய் போனது. அதோடு பதிமூன்று வருஷம் என்கூட இருந்த வண்டியும் போனது. பணத்தைக்கூட ஆற்றிக்கொள்ளலாம், வண்டி போனதைத்தான் தாங்க முடியவில்லை.

களக்காட்டுக்குத் தெற்கே எங்களுக்கு வாழைத்தோட்டம். குளத்துக்கரை மேலேயே ரொம்ப தூரம் போய், ஒரு ஓடையைத் தாண்டித்தான் தோட்டத்துக்குள் நுழைய முடியும். அதற்காகவே 2012இல் ஹீரோ இம்பல்ஸ் வாங்கினேன். 150 சிசிதான், ஆனால் தரைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் 245 மில்லிமீட்டர் இடைவெளி. மழைக்காலத்தில் உரமூட்டையோடு ஓடையில் இறங்கி ஏறும். ஞாயிற்றுக்கிழமை நானும் கூட்டாளிகள் மூன்று பேரும் திசையன்விளை பக்கம் தேரிக்காட்டுக்குப் போய்ச் செம்மணலில் ஓட்டிவிட்டு வருவோம். ஒரு நாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை.

ஆனால் அந்த மாடலை கம்பெனி நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரு சின்ன பிளாஸ்டிக் பாகத்துக்கு மாசக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. சரி, அதே கம்பெனியின் எக்ஸ்பல்ஸ் 200க்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். அதில் முன்சக்கரம் 21 இஞ்ச், இம்பல்ஸில் 19 தான். மணலில் பெரிய சக்கரம் புதையாமல் உருண்டு போகும், ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புதுசு வாங்கக் கையில் பணம் இல்லை. அதனால் பாளையங்கோட்டைப் பக்கம் பழைய வண்டி வாங்கி விற்கிற ஒரு கடைக்கு 2025 செப்டம்பரில் போனேன்.

வண்டி பளபளவென்று நின்றது. 2020 நவம்பர் பதிவு, ஒரே ஓனர், 18,000 கிலோமீட்டர். விலை 98,000. என் இம்பல்ஸை 30,000க்கு எடுத்துக்கொண்டு மீதியைக் கேட்டார் கடைக்காரர். "ஸ்கூல் வாத்தியார் ஓட்டுன வண்டி அண்ணாச்சி. வீடு விட்டா ஸ்கூலு, ஸ்கூலு விட்டா வீடு" என்றார். நம்பர் டி.என். 69, அதாவது தூத்துக்குடி, 2023 டிசம்பரில் வெள்ளம் புகுந்த மாவட்டம். எனக்கு அப்போதே லேசாக உறுத்தியது. "வெள்ளத்துல மாட்டுன வண்டி இல்லையே?" என்று நேராகவே கேட்டேன். "அவரு வீடு மேட்டுல இருக்கு அண்ணாச்சி, வாசப்படி வரைக்குங்கூட தண்ணி வரல" என்று கண் இமைக்காமல் சொன்னார்.

ஸ்டார்ட் செய்தேன், முதல் தட்டிலேயே பிடித்தது. செயின், டயர், பிரேக் எல்லாம் பார்த்தேன். நாற்கரச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினேன். சீட்டை மட்டும் கழற்றிப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் வண்டியின் நிஜ குணம் வெளியே வந்தது. நியூட்ரல் விளக்கு கண்ணடித்தது. ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) விளக்கு அணையவே இல்லை. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் 'கடக்' என்று பிடித்துக்கொண்டது. ஒரு நாள் ஓடைக்கரையில் நின்ற வண்டி அப்புறம் ஸ்டார்ட் ஆகவே இல்லை. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம்.

களக்காட்டில் நான் வழக்கமாகப் போகிற மெக்கானிக் அண்ணன் சீட்டையும் டேங்கையும் கழற்றினார். வயர்கள் சேருகிற கப்ளர் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே செம்புப் பின்கள் பச்சையாகப் பூத்துப்போயிருந்தன. பிறகு கீழே ஒரு பழைய பேப்பரை விரித்து, வண்டியின் பிரேம் குழாயை ஸ்பேனர் பின்புறத்தால் நாலு தட்டு தட்டினார். அடியில் இருந்த ஓட்டை வழியாகச் சாம்பலும் பழுப்பும் கலந்த தூள் கொட்டியது. எடுத்து விரலில் தேய்த்தேன். கோதுமை மாவு மாதிரி இருந்தது, ஒரு மணல்கூட நெருடவில்லை.

"தம்பி, இது ஆத்து வண்டல்லா" என்றார்.

அதை அவர் சொல்ல வேண்டியதே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை உடைத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் எல்லாம் மூழ்கின. ஏரலில் எங்கள் சித்தி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு இம்பல்ஸில் தண்ணீர் கேன்களைக் கட்டிக்கொண்டு அங்கே போனேன். ஒரு வாரம் மண்வெட்டியால் வாரியது இதே வண்டலைத்தான். காய்ந்ததும் ஓடு ஓடாக வெடிக்கும், கையில் எடுத்தால் மாவாக உதிரும். பூஜை அலமாரி, தையல் மெஷின், அரிசிப்பானை என்று எல்லாவற்றிலும் அதுதான் இருந்தது. அந்த மண்ணையே காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆற்றுத்தண்ணீரில் முங்கிய பைக்கைக் கழுவிப் பாலிஷ் போட்டு, ஆயிலை மாற்றினால் ஓடத்தான் செய்யும். அதுதான் ஆபத்து. சக்கர பேரிங், ஹேண்டிலுக்கு அடியில் இருக்கிற கோன் செட், பின்பக்க ஸ்விங் ஆர்ம் எல்லாவற்றிலும் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் வண்டல் உட்கார்ந்து, அரைத்துத் தின்றுகொண்டே இருக்கும். வயரின் மேல்தோல் நன்றாகவே தெரியும், உள்ளே கம்பி பச்சை பிடித்து உளுத்துக்கொண்டே போகும். ஒன்றரை வருஷம் கழித்து, ஈரம் பட்ட ஒரு நாளில் நடு ரோட்டில் நிற்கும். முன் பேரிங் மலையிறக்கத்தில் இறுகியிருந்தால் என் கதி என்ன என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. வயரிங் செட், பேரிங்குகள், கோன் செட், ஏ.பி.எஸ். பாகம் எல்லாம் மாற்ற 31,000 ஆகும், அப்போதும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார் மெக்கானிக் அண்ணன்.

கடைக்காரரிடம் அந்தத் தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். "தேரியில ஓட்டிருப்பாரு அண்ணாச்சி, மண்ணு இருக்கத்தான செய்யும்" என்றார். வீடு, ஸ்கூல் என்று போன வாத்தியார் எப்போது தேரிக்குப் போனார்? தேரி மண் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாதா? ரத்தச் சிவப்பு, நறநறவென்று இருக்கும். கடைசியில், "பாத்துத்தான வாங்குனீங்க? எழுதியா குடுத்தோம்?" என்று எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து காகிதங்களைப் புரட்டினேன். பழைய இன்சூரன்ஸ் நகல்கள் இரண்டு இருந்தன. 2023 நவம்பரில் புதுப்பித்ததில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காமல் இருந்ததற்கான தள்ளுபடி, 35 சதவீதம். 2024 நவம்பரில் புதுப்பித்ததில் பூஜ்யம். இடையில் கிளெய்ம் வாங்கினால் அது இப்படி ஒரேயடியாக விழும். வெள்ளம் வந்தது அந்த டிசம்பரில். இத்தனையும் வாங்குகிற அன்றே என் கையில் இருந்த கவருக்குள்தான் இருந்தது. நீங்கள் வாங்கும்போது கடைசி இரண்டு மூன்று வருஷ பாலிசியைக் கேட்டு வாங்கி இந்த ஒரு வரியைப் பாருங்கள். இல்லை, தொலைந்துவிட்டது என்றால் அந்த வண்டியே வேண்டாம்.

சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரிக்கு அடியில், ஏர் பில்டர் டப்பாவின் மூலையில், எஞ்சினுக்குக் கீழே இருக்கிற தகட்டின் உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள். தண்ணீர் அடித்துக் கழுவுகிறவர்கள் இங்கெல்லாம் கை விட மாட்டார்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு கப்ளரையாவது பிரித்துப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை இரண்டு விரலால் திருப்புங்கள், எங்கேயும் பிடிக்கக் கூடாது. முக்கால் மணி நேர வேலை. கடைக்காரர் விடவில்லை என்றால் அதிலேயே பதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. எக்ஸ்சேஞ்ச் என்றதும் இம்பல்ஸைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் தேதியும் பெயரும் நிரப்பாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். "நாங்க பாத்துக்கிடுதோம்" என்றதை நம்பினேன். டிசம்பரில் என் போனுக்கு ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் இ-செலான் வந்தது, நாகர்கோவிலில் இருந்து. வண்டி விவரம் காட்டுகிற எம்பரிவாகன் ஆப்பில் பார்த்தால் இன்னும் நான்தான் ஓனர். அந்த வண்டி யார்மேலாவது மோதியிருந்தால்? ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்குகிறவர் பெயரும் தேதியும் எழுதாத தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பொட்டலத்தில் கட்டிய வண்டலும், பாலிசி நகல்களும், மெக்கானிக் அண்ணன் எழுதிக் கொடுத்த தாளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வண்டி பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது.

அந்தச் செலானில் ஒரு போட்டோ இருந்தது. வெள்ளை இம்பல்ஸ், பின் மட்கார்டில் நான் மஞ்சள் பெயிண்டால் அடித்த பட்டை, ஏரலுக்குக் கேன் கட்டியபோது நெளிந்த கேரியர். ஓட்டுகிற பையனுக்கு இருபது வயசு இருக்கும். அவனும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பான். நாகர்கோவில் பக்கம் அந்த வண்டியைப் பார்க்கிறவர்கள் அவனிடம் சொல்லுங்கள்: பெயர் மாற்ற நான் எந்த நாளும் வரத் தயார். கேரியரை மட்டும் நிமிர்த்த வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.