கஸ்டம் டீ-சர்ட் ஆர்டருக்கு எந்த டேட்டா மைனிங்: அப்ரியோரியா, கிளஸ்டரிங்கா, டெசிஷன் ட்ரீயா?

திருப்பூர்ல காலேஜ் டீ-சர்ட், டீம் ஜெர்சினு பேர் நம்பர் போட்டு சின்ன சின்ன ஆர்டர் எடுக்குற யூனிட்டுங்களுக்கு நேரம் போறதே ஸ்டைல் மாத்துறதுலதான், ஓவர்லாக் தையல் மெஷினுக்கு நூல் மாத்தணும், பேட்லாக் மெஷினுக்கு ஊசி மாத்தணும், டெய்லருக்குக் கை செட் ஆகுற வரைக்கும் பீஸே வராது. பழைய ஆர்டர் ஷீட்டைத் தோண்டினா இதைக் குறைக்க வழி கிடைக்கும், இந்தத் தோண்டுறதுக்குத்தான் டேட்டா மைனிங்னு பேரு, ஆனா மூணு முறையில எதை வச்சுத் தோண்டுறது?

அப்ரியோரி 1994-ல ராகேஷ் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த்தும் கொண்டு வந்தது. எது கூட எது சேந்து வருதுன்னு சொல்லும், பட்டன், கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி, லேபிள் ஸ்டாக் வைக்க நல்லா உதவும். ஆனா குறைஞ்சது இத்தனை ஆர்டர்லயாவது வரணும்னு, மினிமம் சப்போர்ட்னு ஒரு வரம்பு வச்சுத்தான் ஓடும், அபூர்வமா வர்ற காம்பினேஷன் அதுல அடிபட்டுப் போயிடும், நம்ம லைனை இழுத்தடிக்கிறதே அந்த மாதிரி ஆர்டர்தானே! வரம்பைக் குறைச்சா 'இது வந்தா அதுவும் வரும்'னு விதிங்க வந்து கொட்டும், யார் உக்காந்து படிக்கிறது?

என் ஓட்டு கிளஸ்டரிங்குக்குத்தான். டிசைன் வேற வேறயா இருந்தாலும் துணி, நெக், தையல் ஒண்ணா இருக்குற ஆர்டரையெல்லாம் ஒரு கொத்தாக்கிக் கொடுக்கும், அதை அடுத்தடுத்து லைன்ல ஏத்தினா மெஷின்ல கை வைக்குற வேலை ரொம்பக் குறையும். கிளஸ்டரிங்லயே கே-மீன்ஸ்ங்குற முறை வேண்டாம், அது எண்ணுக்குத்தான் சரி. துணியோட எடையைச் சொல்ற ஜிஎஸ்எம் எண், நெக் டைப் எண் இல்லையே, ரெண்டும் கலந்து வர்றதுக்கு கே-புரோட்டோடைப்ஸ்னு ஒரு முறை இருக்கு. ஒரே கவனம், கொத்து சேரட்டும்னு டெலிவரி தேதியை விட்டுறக் கூடாது. அப்புறம் துணிக்குச் சாயம் ஏத்துற டையிங்ல வெளிர் ஷேடுல ஆரம்பிச்சு டார்க்குக்குப் போகணும், கருப்பு ஓட்டின மெஷின்ல வெள்ளையை ஏத்தணும்னா நல்லாக் கழுவியாகணும், இந்த வரிசையை கிளஸ்டரிங் சொல்லாது, டையிங் மாஸ்டரைக் கேட்டுத்தான் போடணும்.

டெசிஷன் ட்ரீங்குறது கேள்வி மேல கேள்வியாக் கிளை பிரிச்சு முடிவு சொல்ற மரம், ரீவொர்க், அதாவது தப்பான பீஸைத் திரும்பச் சரி பண்ற வேலை, எங்கே வருதுன்னு கண்டுபிடிக்க. இந்த மரம் கட்டுறதுக்கு ஆராய்ச்சியாளர் குயின்லனோட சி4.5ங்குற முறை 1993-லேயே வந்தாச்சு. லைக்ரா துணி, பெரிய பிரிண்ட், அவசர டெலிவரி, மூணும் சேந்தா கவனம்னு சொன்னா சூப்பர்வைசருக்கு உடனே புரியும். டேட்டா கம்மியா இருந்தா மட்டும் நம்ப முடியாது, நாலு ஆர்டர் சேந்தாலே மரம் வேற மாதிரி ஆயிடும்.

எதை எடுத்தாலும் ஸ்டைல் மாத்தும்போது லைன் எத்தனை நிமிஷம் நின்னுச்சுன்னு ரெஜிஸ்டர்ல எழுத ஆரம்பிங்க. பீஸ் கணக்கு மட்டும் இருந்தா, கொத்துப் பிரிச்சதுல நேரம் மிச்சமாச்சா இல்லையான்னு பாக்க வழியே கிடையாது.