பவர் டில்லரா, டிராக்டரா? ஓட்டுகிறவர் உடம்பைக் கேட்போம்

தேவகோட்டைப் பக்கம் புழுதி உழவு தொடங்கிவிட்டால் டீசல் எவ்வளவு, மணிக்கு வாடகை எவ்வளவு என்பதுதான் பேச்சு. ஓட்டுகிறவரின் கையையும் காதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கணக்கு.

என் சித்தப்பா பல வருடம், கைப்பிடியைப் பிடித்து நடந்தே ஓட்டும் உழவு இயந்திரமான பவர் டில்லர் பின்னால் நடந்தவர். உழவு முடிந்து வரப்பில் உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் டீ தளும்பும். "விரல் நுனியில் எறும்பு ஊருதப்பா" என்பார். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் நொடிக்கு சுமார் 33 உதறல். அத்தனையும் கைப்பிடி வழியாக மணிக்கட்டில் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் விரல்களின் நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டு, குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும். அதிர்வைத் தடுக்கும் என்று விற்கும் கையுறைகளை நம்ப வேண்டாம். இவ்வளவு மெதுவான உதறலை அவை பெரிதாகக் குறைப்பதில்லை.

டிராக்டரில் அடி இடுப்புக்கு. காய்ந்த கட்டி மண்ணில் இருக்கை தூக்கிப் போடும்போது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான ஆட்டம் முதுகெலும்பைத்தான் அதிகம் உலுக்கும். பின்னால் சுழன்று மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதில் கழுத்தும் சேர்ந்து வலிக்கும். ஆனால் இதற்கு வழி உண்டு: ஓட்டுநரின் எடைக்கு ஏற்பத் திருகி வைக்கக்கூடிய ஸ்பிரிங் இருக்கை, அளவான டயர் காற்று, கொஞ்சம் குறைந்த வேகம். டில்லர் கைப்பிடிக்கு அப்படி எளிய மருந்து இல்லை. அதனால் என் ஓட்டு டிராக்டருக்கே.

சத்தத்தில் இரண்டும் ஒன்றுதான். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பரவலான பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. கருவி வேண்டாம், கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த 85 தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். காதுக்குள் வைக்கும் நுரை (ஃபோம்) அடைப்பான் நம் வெயிலுக்குத் தோதானது. காதை மூடும் கவசத்தில் வியர்வை நசநசக்கும்.

டிராக்டர் திரும்ப முடியாத சின்னச் செய்களுக்கு டில்லர்தான் போக வேண்டும். அங்கே இரண்டு ஆளை அனுப்பி அரைமணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூலி கூடும், கூடட்டும்.