தண்ணீர் மோட்டர் கடைக்கு ஒரு வெப்சைட்: எட்டு வருட அனுபவம்

கொழும்பு புறக்கோட்டைப் பக்கம், பழைய சோனகத் தெருவுக்கு அருகில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. அப்பா தொடங்கியது. தண்ணீர் மோட்டர் விற்கிறோம், எரிந்த மோட்டருக்கு வைண்டிங் செய்கிறோம், உதிரிப்பாகமும் உண்டு. 2017 முதல் கடைக்கு வெப்சைட் இருக்கிறது, நடுவில் ஒன்றேகால் வருடம் தவிர. யாரிடம் செய்வது, ஹொஸ்டிங் எங்கே வாங்குவது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் அரை மணித்தியாலம் பேச வேண்டியிருக்கிறது. எழுதி வைத்துவிட்டால் இனிக் கேட்பவர்களுக்கு அனுப்பிவிடலாம்.

முதல் வெப்சைட்டைச் செய்தது மச்சானின் நண்பர், ஒரு பெடியன். 45,000 ரூபா, எல்லாம் சேர்த்து. அந்த ‘எல்லாம் சேர்த்து’ என்பதில்தான் நான் விழுந்தேன். டொமைன் என்ற பெயர் ஒன்று, அது குடியிருக்கிற ஹொஸ்டிங் இன்னொன்று, அதற்குள் கட்டுகிற டிசைன் மூன்றாவது என்று அப்போது எனக்குத் தெரியாது. மோட்டர், குழாய், தண்ணீர்த் தாங்கி மூன்றையும் ஒரே பில்லில் போட்டாலும் எங்கள் வாடிக்கையாளருக்கு எது எதுவென்று தெரியும். எனக்கு அதுகூடத் தெரியவில்லை. டொமைனை அவர் தன் இமெயிலில், தன் பேரில் வாங்கியிருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அப்படிச் செய்வது அவருக்குச் சுலபம், அவ்வளவுதான். ஆனால் கணக்குப்படி, கடை நடத்துவது நான், காணி உறுதி அவர் பேரில்.

வெப்சைட் கட்டுகிற மென்பொருளான வேர்ட்பிரஸில்தான் செய்தார். அழகான தீம் (ஆயத்தமாகக் கிடைக்கிற தோற்ற வடிவம்), நிறைய அசைவுகள். பேபால் பொத்தான்கூட வைத்துத் தருகிறேன் என்றார். அப்போது இலங்கையில் இருந்துகொண்டு பேபாலில் பணம் அனுப்பலாமே தவிர, வாங்க முடியாது. நான் விசாரித்துச் சொன்ன பிறகு பொத்தானை எடுத்துவிட்டார். ஒரு வருடம் கழித்து ஒரு வாடிக்கையாளர் போன் எடுத்து, “உங்கள் கடை இப்போது ஜப்பான் சப்பாத்தும் விற்கிறதா?” என்று கேட்டார். கூகுளில் எங்கள் கடைப் பெயரைத் தேடினால் ஜப்பான் எழுத்தில் பக்கம் பக்கமாக ஏதேதோ வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை யாரோ உடைத்து இலவசமாகப் போட்டிருந்த இடத்திலிருந்து எடுத்திருக்கிறார். உள்ளே திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்கதவும் கூடவே வந்திருக்கிறது. சுத்தம் செய்ய இரண்டு வாரம் ஆனது.

தமிழ்ப் பக்கத்தின் கதை தனி. எங்கள் விலைப்பட்டியலை அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தோம். இங்கே பெரும்பாலான அச்சகங்களில் இன்றைக்கும் பாமினிதான். அதை அப்படியே வெட்டி ஒட்டிவிட்டார். அவருடைய கணினியில் தமிழாகத் தெரிந்தது. போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை. பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். ஆகவே கூகுளுக்கும் எங்கள் தமிழ்ப் பக்கம் தமிழாகத் தெரியவே இல்லை.

2019 இல் அவர் கனடா போய்விட்டார். நல்லபடியாகப் போகட்டும் என்றுதான் வழியனுப்பினோம். சில மாதம் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எல்லாரும் வீட்டில் அடைந்து, போனும் கையுமாக இருந்த அந்த மே மாதம்தான் வெப்சைட் திறக்கவில்லை. டொமைன் காலாவதி. நினைவூட்டல் எல்லாம் அவருடைய பழைய இமெயிலுக்குப் போயிருக்கிறது, அதை அவர் திறப்பதே இல்லை. டொட் கொம் பெயர் காலாவதியானால் பதிவு நிறுவனம் 45 நாள் வரை தவணை கொடுக்கலாம். அது முடிந்தால் அபராதம் கட்டி மீட்க 30 நாள், பிறகு அழிவதற்கு 5 நாள். இத்தனை நாள் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பதிவு நிறுவனத்துக்கு எழுதினால், கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரோடுதான் பேசுவோம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. கடைசியில் வெளிநாட்டில் யாரோ அந்தப் பெயரை எடுத்துவிட்டு 1,800 டொலர் கேட்டார். விட்டுவிட்டோம். அந்த முகவரி அச்சடித்த பில் புத்தகம் இரண்டு பெட்டி இருந்தது. ஒவ்வொரு தாளிலும் ஸ்டிக்கர் ஒட்டி முடித்தது என் மகள்.

அதனால் 2021 இல் திரும்பத் தொடங்கியபோது, டிசைனரைத் தேடுவதற்கு முன்பே டொமைனை நானே வாங்கினேன். டொட் எல்கே, இலங்கைக்கான முகவரி. எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் நேராகப் பதிந்தேன், ரூபாவில் கட்டலாம். வியாபாரப் பதிவில் உள்ள பெயர், என் இமெயில், என் போன் இலக்கம். டொட் இலங்கை என்று தமிழிலேயே முடிகிற முகவரியும் 2010 முதல் இருக்கிறது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் முகவரியைப் போனில் கேட்டு எழுதிக்கொள்கிறவர்கள், அதில் பாதிப்பேர் சிங்களவர். இமெயிலுக்கும் அது இன்னும் சரிப்படாது. அதனால் எடுக்கவில்லை.

அப்புறம் டிசைனர். ஐந்து பேரிடம் கொட்டேஷன் கேட்டேன். 35,000 இலிருந்து 4 இலட்சம் வரை வந்தது. காலி வீதியில் ஏசி ஒபிஸ் வைத்திருந்தவர்கள் இருபது பக்கத்துக்கு அனுப்பினார்கள், அதில் எங்கள் கடைப் பெயர் ஒரு இடத்தில் வேறு யாருடையதாகவோ இருந்தது. விலையை வைத்து முடிவெடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: மூன்று வருடத்துக்கு முன்பு நீங்கள் செய்து இன்றைக்கும் ஓடுகிற ஒரு சின்னக் கடையின் வெப்சைட்டைக் காட்டுங்கள், அந்த முதலாளியோடு நான் பேச வேண்டும். இரண்டு பேர் அதோடு காணாமல் போனார்கள். ஒருவர் காட்டிய கடையின் முதலாளி, “அவருடைய நம்பர் உங்களிடம் இருக்கிறதா? எனக்கும் தாங்கோ” என்றார். தாங்கள் இப்போது செய்த புது வேலையை எல்லாரும் காட்டுவார்கள். எங்கள் தொழிலிலும் அப்படித்தானே, புது மோட்டர் எல்லாம் நன்றாகத்தான் ஓடும்.

மிஞ்சியவர்களில் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து வேலை செய்கிற ஒரு தங்கச்சியைத் தெரிவு செய்தேன். 85,000 ரூபா. ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதினோம்: எல்லா பாஸ்வேர்டும் என்னிடமும் இருக்கும், தீமும் பிளகின் என்கிற கூடுதல் மென்பொருள் துண்டுகளும் என் பேரில் காசு கட்டி வாங்கப்படும், வருடத்துக்கு ஒரு பராமரிப்புக் கட்டணம், அதற்குள் மாதம் இரண்டு மணித்தியாலத் திருத்தம்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. ஆறு வாரத்தில் என்றது நான்கு மாதம் ஆனது. அதில் பாதி என் பிழை, படங்களைக் கொடுக்கவே இரண்டு மாதம் எடுத்தேன். டிசம்பரில் கூப்பிட்டால் கிடைக்கவே மாட்டார். ஆனால் நான் ஒன்லைன் கடை வேண்டும், கார்ட் வேண்டும் என்று நின்றபோது, “அண்ணா, போனில் பேசாமல் யாராவது உங்களிடம் மோட்டர் வாங்கியிருக்கிறார்களா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. அந்த வேலையைச் செய்திருந்தால் அவருக்கு இன்னொரு 60,000 கிடைத்திருக்கும்.

அதற்குப் பதிலாக அவர் கேட்டது, வாடிக்கையாளர் போனில் என்னென்ன கேட்கிறார்கள் என்ற பட்டியல். ஒரு வாரம் கல்லாவுக்குப் பக்கத்தில் கொப்பி வைத்து எழுதினேன். எத்தனை மாடி, கிணறா குழாய்க் கிணறா, தண்ணீர் எத்தனை அடியில், தாங்கி எத்தனை லீற்றர். அதை வைத்து ஒரு அட்டவணை. தண்ணீர் 25 அடிக்குக் கீழே இருந்தால் மேலே வைக்கிற சாதாரண மோட்டர் இழுக்காது, கிணற்றுக்குள் இறக்குகிறதுதான் வேண்டும் என்பது முதல் வரி. மூன்று மொழியிலும் அந்தப் பக்கத்துக்குத்தான் இன்றுவரை ஆள் அதிகம். பாமினியில் இருந்ததையெல்லாம், உள்ளேயும் தமிழாகவே இருக்கிற யூனிகோடுக்கு மாற்றினார். தலைப்பு வரிகளுக்கு இடையில் இடைவெளி கூட்டினார், இல்லாவிட்டால் ‘கி’யின் விசிறி மேலே வெட்டுப்படும். தமிழ் வாசிக்கத் தெரிந்த டிசைனர் என்றால் இதைச் சொல்லவே தேவையில்லை. சிங்களப் பக்கத்தை வேறொருவரைக் கொண்டு பார்ப்பித்தோம்.

ஹொஸ்டிங்கில் என் அனுபவம் இவ்வளவு சுமுகமாக இல்லை. 2021 மே மாதம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் வாங்கினேன். மாதம் 3 டொலர், ஒரு வருடத்துக்கு 36 டொலர், அன்றைக்கு 7,200 ரூபா. சின்ன எழுத்தை வாசிக்கவில்லை. அந்த விலை முதல் வருடத்துக்கு மட்டும், புதுப்பிக்கும்போது மாதம் 11 டொலர். புதுப்பிக்க வேண்டிய நேரமோ 2022 மே. மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ஐத் தொட்டிருந்தது. 132 டொலர் என்றால் 47,000 ரூபாவுக்கு மேல். அதையும் கட்டலாம் என்று பார்த்தால் கடனட்டை இரண்டு முறை மறுக்கப்பட்டது. நாட்டில் பெற்றோலுக்கே டொலர் இல்லாத நேரத்தில் என் ஹொஸ்டிங்குக்கு யார் கொடுப்பார்கள்? பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாளில்கூட வெப்சைட் மட்டும் சிங்கப்பூரில் ஜம்மென்று ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். பார்க்கத்தான் இங்கே கரண்ட் இல்லை.

ரூபாவில் பில் போடுகிற உள்ளூர் நிறுவனத்துக்கு மாறினோம். வருடம் 14,000, இப்போது 22,000. அவர்களுடைய சேர்வரும் சிங்கப்பூரில்தான், அது எனக்குப் பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் இருப்பதைவிட கொழும்புக்கு அது வேகம். போயா விடுமுறை நாளிலும் வாட்ஸ்அப்பில் பதில் சொல்கிறார்கள். ஆனால் ‘தினசரி பேக்கப்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்ததை நம்பி, ஒரு அப்டேட் சொதப்பிய நாளில் கேட்டால், கிடைத்தது மூன்று வாரத்துக்கு முந்தியது. அதிலிருந்து எங்கள் பேக்கப் வாராவாரம் கூகுள் டிரைவுக்குப் போகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கச்சி அதை வேறொரு இடத்தில் திறந்தும் பார்க்கிறார். திறந்து பார்க்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு நட்டம் இமெயிலில். ஹொஸ்டிங்கோடு இலவசமாகக் கிடைத்த முகவரியிலிருந்து ஒரு ஹோட்டலுக்கு எட்டு மோட்டருக்கு விலை அனுப்பினேன். பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து அங்கிருந்த பொறியியலாளரைச் சந்தித்தபோது, “நீங்கள் அனுப்பவே இல்லையே” என்றார். ஸ்பாமுக்குள் கிடந்தது. அதே சேர்வரில் குடியிருந்த வேறு யாரோ குப்பை இமெயில் அனுப்ப, அந்த சேர்வருக்கே கெட்ட பெயர். டொமைனில் இமெயிலுக்கான பதிவுகளைத் திருத்திப் பார்த்தும் முழுதாகச் சரிவரவில்லை. இப்போது இமெயிலை ஹொஸ்டிங்கிலிருந்து பிரித்து, கூகுளில் மாதச் சந்தா கட்டி வைத்திருக்கிறேன். டொலர்தான், வயிற்றெரிச்சல்தான். ஆனால் ஹொஸ்டிங்கை எங்கே மாற்றினாலும் இமெயில் அசையாது.

கடைசிச் சோதனை 2025 நவம்பர் இறுதியில் வந்தது. டித்வா புயலில் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எல்லாம் தண்ணீர். வீட்டுக்குள் நின்ற தண்ணீரை இறைக்க மோட்டர் தேடியவர்கள் ஒரே நேரத்தில் வெப்சைட்டுக்கு வந்தார்கள். மத்தியானத்துக்குள் வெப்சைட்டில் 508 என்று ஒரு பிழைச் செய்தி. நமக்கு ஒதுக்கிய பங்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம், ஒரே சேர்வரைப் பலர் பங்குபோடுகிற ஹொஸ்டிங்கில் இப்படித்தான் நடக்கும். தங்கச்சியின் அக்கா வீடு வெல்லம்பிட்டியில், அங்கேயும் தண்ணீர். அந்த நேரத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கினேன். அவரே போன் எடுத்தார். முகப்பை எடுத்துவிட்டு வெறும் ஒரு பக்கம் போட்டார். படம் இல்லை, அசைவு இல்லை. கையிருப்பில் உள்ள இறைக்கும் மோட்டர், வாடகைக்குக் கிடைப்பது, இரண்டு போன் இலக்கம், மூன்று மொழியில். அது கடைசிவரை விழவில்லை.

இந்த வருடம் பராமரிப்புக் கட்டணத்தை 5,000 ரூபா கூட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். அந்த அவசரப் பக்கத்தையும் எடுத்துவிடாமல் ஒரு ஓரத்தில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். சிங்களத்தில் மட்டும் ஒரு மோட்டரின் குதிரைவலு இன்னும் பிழையாகக் கிடக்கிறது, அதைத் திருத்தச் சொல்ல வேண்டும்.