யார்டில் எண்ணுவதா, ஃபைலில் தோண்டுவதா: வாகன நிறுவன ஆடிட்டுக்கு எந்தத் திட்டம்?

சி.ஏ. படிப்பின் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் ஒரு மார்ச் 31 அன்று, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் யார்டில் நின்று சேசிஸ் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையை முடிப்பதற்குள் முதல் வரிசை வண்டிகள் ட்ரெய்லரில் ஏறிப் போய்விட்டன. மாலையில் எங்கள் கணக்குக்கும் கம்ப்யூட்டர் கணக்குக்கும் பதினோரு வண்டி வித்தியாசம். ராத்திரி பத்து மணி வரை கேட் பாஸ்களைப் புரட்டிப் பதினொன்றையும் கண்டுபிடித்தோம். பெரிய சாதனை செய்தது போல இருந்தது. அதே வருடம் வாரண்டி ஒதுக்கீட்டை, அதாவது விற்ற வண்டிகளின் இலவசப் பழுதுக்காக எடுத்து வைக்கும் தொகையை, பார்க்க எங்கள் டீம் செலவிட்டது ஒன்றரை நாள். அந்தப் பதினோரு வண்டியின் விலையைவிட அந்த ஒதுக்கீடு எத்தனை மடங்கு பெரிய தொகை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

வாகன நிறுவனத்தின் ஆடிட்டுக்குத் திட்டம் போட உட்காரும்போது வரும் கேள்விகள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். கையில் இருக்கும் மணி நேரத்தைத் தொட்டு எண்ணக்கூடியதில் போடுவதா, கணித்துச் சொல்ல வேண்டியதில் போடுவதா?

ஒப்பிட வசதியாக இரண்டு நிறுவனங்களை மனதில் வைத்துக்கொள்வோம். ஒன்று, முப்பது நாற்பது வருடமாக லாரியோ பைக்கோ செய்துவரும் பழைய கம்பெனி. மற்றது, ஐந்து வருடம் முன் தொடங்கி இன்னும் நஷ்டத்தில் ஓடும் மின்சார ஸ்கூட்டர் கம்பெனி. தொழில் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் ஆடிட் திட்டத்தை நகலெடுத்து மற்றதற்குக் கொடுத்தால் வேலை கெட்டுவிடும்.

கட்டுப்பாட்டை நம்புவதா, நேராகச் சரிபார்ப்பதா

முதல் வழியில், கம்பெனியின் உள் கட்டுப்பாடுகள் (தவறும் மோசடியும் நடக்காமல் தடுக்கும் நடைமுறைகள்) ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று வருட நடுவிலேயே சோதித்துவிட்டு, வருடக் கடைசியில் வவுச்சர் பார்ப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். இரண்டாவது வழியில், கட்டுப்பாட்டின் மேல் நம்பிக்கை வைக்காமல் இன்வாய்ஸ், ரசீது, பாக்கி உறுதிக் கடிதம் என்று நேராக இறங்குவார்கள்.

பழைய கம்பெனிக்கு முதல் வழிதான் பொருத்தம். காரணம் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது. அசெம்ப்ளி லைனில் யாரும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் சீட்டு எழுதுவதில்லை. வண்டி லைனை விட்டு இறங்கியதும், அதன் பில் ஆஃப் மெட்டீரியலில் (ஒரு வண்டிக்கான பாகங்களின் பட்டியலில்) இருக்கும் உதிரி பாகம் அத்தனையையும் சிஸ்டமே ஸ்டாக்கிலிருந்து கழித்துவிடும். இதற்கு பேக்ஃப்ளஷ் என்று பெயர். அந்தப் பட்டியலில் ஒரு பாகம் தவறாக இருந்தால் தவறு ஒவ்வொரு வண்டியிலும் திரும்ப வரும். லட்சக்கணக்கான பதிவுகளில் அறுபதை சாம்பிள் எடுத்துப் பார்ப்பதால் இது பிடிபடும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியலை மாற்றும் அதிகாரம் யாருக்கு, டிசைன் மாறினால் எத்தனை நாளில் சிஸ்டத்தில் ஏறுகிறது, ஸ்கிராப் எப்போது பதிவாகிறது என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

கட்டுப்பாடுகளைச் சோதிக்கக் கூடுதல் செலவாகும் என்ற வாதமும் இங்கே அவ்வளவாக நிற்காது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 143(3)(i)-ன்படி நிதி அறிக்கை சார்ந்த உள் கட்டுப்பாடுகள் பற்றி ஆடிட்டர் எப்படியும் கருத்துச் சொல்லியாக வேண்டும். சிறு தனியார் கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு. எப்படியும் செய்யப் போகும் சோதனையை நம்பிக்கைக்கும் பயன்படுத்திக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற எடிட் லாக் கட்டாயமாகியிருப்பதும் கைகொடுக்கும்.

ஆனால் ஒரு இடத்தில் பழைய கம்பெனியிலும் கட்டுப்பாடு கைவிடும். சப்ளையர்களோடு எஃகு, அலுமினிய விலை ஏறி இறங்குவதற்கேற்ப ஏற்கெனவே வாங்கிய சரக்குக்கும் சேர்த்து முன்தேதியிட்ட விலைத் திருத்தம் நடக்கும். ஆர்டர், சரக்கு ரசீது, இன்வாய்ஸ் மூன்றும் பொருந்துகின்றன என்று சிஸ்டம் பச்சைக்கொடி காட்டிவிடும். பேசி முடியாத விலை உயர்வுக்குத் தர வேண்டிய பாக்கி அந்த மூன்று தாளிலும் இருக்காது. மார்ச் 31 அன்று எந்தெந்த சப்ளையருடன் விலைப் பேச்சு முடியாமல் இருக்கிறது என்ற பட்டியலை பர்ச்சேஸ் துறையிடம் கேட்டு வாங்க வேண்டும். அக்கவுண்ட்ஸ் துறையிடம் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்பார்கள். பொய் இல்லை, அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது.

புது கம்பெனியில் கதை வேறு. ஜூனில் சோதித்த கட்டுப்பாடு ஜனவரியில் இருக்காது. சாஃப்ட்வேர் மாறியிருக்கும், அதை நடத்தியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அங்கே நேரடிச் சரிபார்ப்புக்கே நேரம் ஒதுக்குங்கள்.

ஸ்டாக்: மார்ச் 31-லா, அதற்கு முன்பா

வருடக் கடைசி நாளில் எண்ணினால் கணக்கு நேர். ஆனால் எல்லா வண்டியையும் அனுப்பித் தள்ள சேல்ஸ் துறை துடிக்கும் நாளும் அதுதான். என் பதினோரு வண்டி கதை அப்படி வந்ததே. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ எண்ணிவிட்டு, இடைப்பட்ட வரவு செலவைச் சரிபார்த்து மார்ச் 31-க்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. ஆடிட் தரநிலையான எஸ்.ஏ. 501 இதை அனுமதிக்கிறது. உற்பத்திப் பதிவும் அனுப்புகைப் பதிவும் சேசிஸ் நம்பர் வாரியாக இருக்கும் தொழிலில் இது நன்றாகவே வேலை செய்யும். நான் இதையே தேர்ந்தெடுப்பேன். வெளியூர் யார்டு, ஏற்றுமதிக்குத் துறைமுகத்தில் நிற்பவை, சப்ளையரிடம் இருக்கும் கம்பெனியின் டை, டூல்கள் (பாகங்களைச் செய்யும் அச்சுகள், கருவிகள்) எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.

ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தால் மதிப்பும் சரி என்று ஆகிவிடாது. 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-3 என்ற பழைய மாசு அளவுத் தரத்தில் செய்த வண்டிகளை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உத்தரவிட்டது. நிதியாண்டு முடிய இரண்டே நாள். நாடு முழுக்க விற்காமல் நின்றவை சுமார் 8.24 லட்சம் வண்டிகள் என்று தொழில்துறையே கணக்குக் கொடுத்தது. அடுத்த இரண்டு நாளும் ஷோரூம்களில் தள்ளுபடித் திருவிழா. ஜனவரியில் எண்ணிக் கணக்கை நகர்த்திக்கொண்டு வந்த டீமுக்கு எண்ணிக்கை பிசகியிருக்காது. ஆனால் அந்த வண்டி இனி என்ன விலைக்குப் போகும், டீலரிடம் நிற்பதற்கு யார் நஷ்டம் ஏற்பார்கள் என்ற கேள்விகளுக்கு யார்டில் பதில் கிடைத்திருக்காது.

வரம்பு எதிலிருந்து?

இது சீக்கிரம் முடியும் விஷயம். எவ்வளவு பெரிய தவறு வந்தால் கவலைப்பட வேண்டும் என்ற மெட்டீரியாலிட்டி வரம்புக்கு, லாபம் ஈட்டும் உற்பத்தி நிறுவனத்தில் வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்று எஸ்.ஏ. 320 ஓர் உதாரணம் தருகிறது. பழைய கம்பெனிக்கு அது போதும், ஆனால் லாபம் வருடா வருடம் ஊசலாடினால் சில வருடங்களின் சராசரியைப் பாருங்கள். நஷ்டத்தில் ஓடும் ஸ்கூட்டர் கம்பெனிக்கு விற்பனையையோ மொத்தச் செலவையோதான் அடிப்படையாக வைக்க முடியும்.

அனுப்பியதா, விற்றதா

பெரும்பாலான வாகன நிறுவனங்களுக்கு வண்டி டீலருக்குப் போனதுமே வருமானம். வாடிக்கையாளர் வாங்குவது தனிக் கதை. இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. அமெரிக்காவில் மாதாந்திர விற்பனை எண்களைத் திரித்துச் சொன்னதற்காக ஃபியட் க்ரைஸ்லர் 2019-ல் 4 கோடி டாலரும், பி.எம்.டபிள்யூ. 2020-ல் 1.8 கோடி டாலரும் பங்குச் சந்தை ஆணையத்துக்குக் கட்டின. டீலர்களை வைத்து நடந்த வேலைதான் இரண்டும்.

இங்கே ஒரு வழி, மார்ச் கடைசி வாரத்து இன்வாய்ஸ்களை எடுத்து லாரி ரசீதோடு ஒப்பிடுவது. மற்றொரு வழி, முழு வருட அனுப்புகைக் கோப்பையும் அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹனின் பதிவு எண்ணிக்கையோடு மாதவாரியாக வைத்துப் பார்ப்பது. முதலாவதில் கட்-ஆஃப் தவறு, அதாவது ஒரு வருட விற்பனையை இன்னொரு வருடத்தில் எழுதுவது, மட்டும் சிக்கும். டீலர் தலையில் சரக்கைக் கட்டுவது இரண்டாவதில்தான் தெரியும். அனுப்புகை ஏறிக்கொண்டே போகப் பதிவு படுத்திருந்தால், ஏப்ரலில் தரப்போகும் தள்ளுபடிக்கு மார்ச்சிலேயே ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேட்கலாம். டீலர் ஊக்கத்தொகையை விற்பனையிலிருந்து கழிக்கச் சொல்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏ.எஸ். 115. ஊக்கத்தொகைத் திட்டத்துக்கான சுற்றறிக்கை பெரும்பாலும் மார்க்கெட்டிங் துறை ஈமெயிலில் கிடக்கும். அதை ஃபைலுக்குக் கொண்டுவருவதே பாதி வேலை.

வாரண்டி: மூன்று வழிகள்

நான் தாராளமாக நேரம் ஒதுக்கச் சொல்வது இதற்குத்தான். நிர்வாகத்தின் கணக்கீட்டைப் பிரித்துச் சோதிக்கலாம். நாமே ஒரு மதிப்பீடு போட்டு ஒப்பிடலாம். அல்லது மார்ச்சுக்குப் பிறகு ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போடும் வரை வரும் வாரண்டி கிளெய்ம்களைப் பார்த்து முடிவு செய்யலாம்.

பழைய கம்பெனிக்கு முதல் வழி நல்லது. மாடல்வாரியாகப் பத்து வருடக் கிளெய்ம் சரித்திரம் அவர்களிடம் இருக்கும். மூன்று வருடம் முன் ஒதுக்கிய தொகை நிஜத்தில் எவ்வளவு செலவானது என்று பின்னோக்கிப் பார்த்தாலே, நிர்வாகம் கஞ்சமா, நல்ல வருடத்தில் அதிகமாக ஒதுக்கி மோசமான வருடத்தில் எடுத்துக்கொள்ளும் பழக்கமா என்று தெரிந்துவிடும். புது எஞ்சின் வந்த வருடத்தை மட்டும் தனியாகப் பிரியுங்கள். பழைய எஞ்சினின் விகிதம் அதற்குப் பொருந்தாது.

ஸ்கூட்டர் கம்பெனிக்கு அந்தச் சொகுசு இல்லை. பேட்டரிக்கு எட்டு வருடம் வரை வாரண்டி தரும் மின்சார வண்டிகள் இப்போது உண்டு. ஐந்து வயதுக் கம்பெனியிடம் ஏழாவது வருடக் கிளெய்ம் எப்படி இருக்கும்? ஏப்ரல், மே கிளெய்ம்களும் உதவாது. சார்ஜர் வேலை செய்யவில்லை, லைட் எரியவில்லை என்ற ஆரம்பக் கோளாறுகள்தான் அவற்றில் வரும். ஆகவே இரண்டாவது வழி. பேட்டரி சோதனை அறிக்கைகள், வண்டியிலிருந்து வரும் டேட்டா ஆகியவற்றை வைத்து, தேவையானால் ஒரு பொறியாளரின் உதவியோடு குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு என்று நாமே ஒரு மதிப்பீடு போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கான ஆளைத் திட்டம் போடும்போதே பேசி வையுங்கள்.

கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் ரீகால் இதிலிருந்து வேறு ஜாதி. ஆயிரக்கணக்கான வண்டிகளின் வழக்கமான வாரண்டிக்கு, நிகழ்தகவுகளை எடைபோட்ட சராசரியை இண்ட் ஏ.எஸ். 37 கேட்கிறது. ஒரே ஒரு பெரிய கடமை என்றால், நடக்க அதிக வாய்ப்புள்ள தொகையே சிறந்த மதிப்பீடாக இருக்கலாம். மாசு சோதனையை ஏமாற்றிய 2015 டீசல் விவகாரத்துக்காக ஃபோக்ஸ்வாகன் அந்த வருடக் கணக்கில் ஒதுக்கிய 1,620 கோடி யூரோ எந்தக் கிளெய்ம் விகிதத்திலிருந்தும் கிடைத்திருக்காது.

கூடவே சப்ளையரிடமிருந்து திரும்ப வரும் பணம். செவ்ரோலே போல்ட் காரின் பேட்டரி ரீகாலுக்கு ஆன சுமார் 200 கோடி டாலர் செலவில் 190 கோடி வரை பேட்டரி சப்ளையரான எல்ஜி ஈடுசெய்யும் என்று 2021 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. ஒப்பந்தம் இருந்தால் பிரச்சினை இல்லை. நம் ஸ்கூட்டர் கம்பெனியிடம் பெரும்பாலும் இருப்பது, செல் சப்ளையர் ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று அனுப்பிய ஈமெயில். பணம் வருவது ஏறக்குறைய நிச்சயம் என்றால்தான் அதை வரவாகக் காட்டலாம், அதுவும் தனிச் சொத்தாக. அந்த ஒப்பந்தத்தைப் பிப்ரவரியிலேயே கேட்டுவிடுங்கள். மே மாதம் கேட்டால், கையெழுத்துக்கு முந்தின வாரம் மார்ச் தேதி போட்ட கடிதம் ஒன்று புதிதாக வந்து சேரும்.